டிக்கியில் பேட்டரி, பின்சீட்டில் உதை

பின்பக்க சஸ்பென்ஷன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றிய கையோடு எழுதுவதால் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மைலேஜ், பிக்கப், நெரிசலில் சத்தமில்லாத ஓட்டம் என்று, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிடில் எதையும் குறை சொல்ல முடியாது. பின்சீட்டில் உட்காராதவரை.

வேகத்தடையில் முன்சக்கரம் நோகாமல் ஏறி இறங்குகிறது. பின்சக்கரம் ஏறியதும் ஆளையே சீட்டிலிருந்து கிளப்பிவிடுகிறது. புது ஷாக் அப்சார்பர் போட்டும் உதை போகவில்லை. ஷாக் பாவம், அது என்ன செய்யும்? சிக்கல் பேட்டரி இருக்கும் இடத்தில்.

டிக்கித் தரைக்கு அடியில், பின்சக்கர அச்சான ஆக்ஸிலுக்குப் பின்னால் ஏறத்தாழ 40 கிலோ எப்போதும் கிடக்கிறது. யாரும் ஏறாமலே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கிவிடும். வால் தொங்கக் கூடாது, ஐந்து பேரும் சாமானும் ஏறிய பிறகும் பம்ப் ஸ்டாப் என்ற கடைசித் தடுப்பில் போய் இடிக்கக் கூடாது. அதனால் ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறார்கள். பின்னால் ஒரே ஒருவர் உட்கார்ந்தால் அதே ஸ்பிரிங் உதைக்கிறது. போதாததற்கு டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்: தட்டையாக இருப்பதால் முன்னால் டேங்க், பின்னால் பேட்டரி என்று வைக்க வசதி, ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதையும் இழுக்கும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 2009-இல் வந்த டொயோட்டா பிரியஸில் பேட்டரி பின்சீட்டுக்குப் பின்னால், சஸ்பென்ஷன் டார்ஷன் பீம். 2015-இல் வந்த அடுத்த தலைமுறையில் பேட்டரி சீட்டுக்கு அடியில் போனது, பின்னால், சக்கரங்கள் தனித்தனியாக அசையும் டபுள் விஷ்போன் வந்தது. ஹுண்டாய் அயோனிக் இன்னும் வேடிக்கை: ஹைபிரிடுக்கு அதேபோலத் தனித்தனியாக அசையும் மல்டிலிங்க், பெரிய பேட்டரி சுமக்கும் முழு எலெக்ட்ரிக்குக்கு டார்ஷன் பீம். சீட்டுக்கு அடியில் வைத்தாலும் ஒரு தொல்லை உண்டு. காற்று உறிஞ்சும் துளை பின்சீட்டின் ஓரத்தில் இருக்கும். பை, போர்வை வைத்து அடைத்தால் பேட்டரி சூடாகி ஃபேன் அலறும்.

புஷ் வேலைக்கு விடுபவர்கள் கவனிக்க. பீமை இறக்குவதானால், பக்கத்தில் ஆரஞ்சு நிற ஹை வோல்டேஜ் கேபிள் ஓடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், இன்சுலேட்டட் கையுறை போட்டு பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, குறைந்தது 10 நிமிடம் பொறுத்துத்தான் கை வைக்க வேண்டும். பேட்டரித் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுக்கவே கூடாது. பழைய புஷ்ஷின் ரப்பரில் உள்ள வெட்டு எந்தத் திசையைப் பார்க்கிறதோ, புதியதும் அப்படியே உட்கார வேண்டும். முக்கியமானது கடைசி இறுக்கம்: வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே போல்ட்டை முழுசாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும்; மறுபடி அதே செலவு. ஸ்பிரிங் மாற்றினால் பார்ட் நம்பரைச் சரிபாருங்கள். அதே மாடலின் பெட்ரோல் ஸ்பிரிங்கைப் போட்டால் வால் தொங்கிவிடும். மைலேஜுக்காகக் காற்றை அதிகம் அடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவு போதும்.

ஓட்டுபவருக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகத் தரலாம். ஆனாலும் வீட்டில் முதுகுவலிக்காரர் ஒருவர் தினமும் பின்னால் வருவார் என்றால், டிக்கியில் பேட்டரி உள்ள வண்டி வேண்டவே வேண்டாம். டெஸ்ட் டிரைவில் ஸ்டீயரிங்கை விற்பனையாளரிடம் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து நாலு வேகத்தடை தாண்டிப் பாருங்கள்.