சீர்த்தட்டுக்கு எந்த வெள்ளி ரூபாய்: ஐந்தாம் ஜார்ஜா, ஆறாம் ஜார்ஜா?

அக்கா மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராகப் பழைய வெள்ளி ரூபாய் வைக்க ஆசைப்பட்டேன். அம்மாயியின் சுருக்குப்பையில் கடைசிவரை அப்படி ஒன்று இருந்தது. ஈரோட்டில் ஒரு வியாபாரி இரண்டு வகையை எடுத்துப் போட்டார்: 1918-ம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ், 1944-ம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ். பின்னதன் விலை முன்னதில் முக்கால் பங்குதான். ஆனாலும் ஐந்தாம் ஜார்ஜில் ஐந்து வாங்கினேன்.

அழகில் தாடிக்கார ராஜா ஐந்தாம் ஜார்ஜுக்குத்தான் என் ஓட்டு. அவர் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. 1911-ல் அடித்ததில் அது பன்றி மாதிரித் தெரிகிறதென்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷமே திருத்தினார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

ஆனால் முடிவு செய்தது வெள்ளிதான். எடை இரண்டுக்குமே 11.66 கிராம், ஒரு தோலா. தராசு காட்டிக் கொடுக்காது. ஐந்தாம் ஜார்ஜில் 12-ல் 11 பங்கு வெள்ளி, கிட்டத்தட்ட 10.7 கிராம். போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை அடித்ததில் சரிபாதிதான், 5.83 கிராம், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். முக்கால் விலைக்குப் பாதி வெள்ளி! முன்பு ஒரு அவசரத்துக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 1945 காசு நான்கு விற்றேன். முழு எடைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு போனவனுக்கு, டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்த்ததும் நூற்றுக்கு ஐம்பது என்று வந்தது. கையில் கிடைத்தது நினைத்ததில் பாதிகூட இல்லை.

வாங்கும்போது விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவே பள்ளம் ஓடினால் பாதி வெள்ளி. ராஜா பெயரை மட்டும் நம்பவும் கூடாது. 1938 என்று போட்ட ஆறாம் ஜார்ஜ் பழைய தரம்தான். லட்சுமி பூஜைக்குத் தட்டு நிறையக் காசு வேண்டும், விற்கும் எண்ணமே இல்லை என்றால் ஆறாம் ஜார்ஜ் போதும். காசு சேகரிப்பவர்களிடம் நான் விற்றுப் பார்த்ததில்லை. அந்த விலைக்கு என் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சீர் முடிந்ததும் அக்கா ஐந்தையும் புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பினாள். தேய்த்தால் தாடியின் மெல்லிய கோடுகள் போய்விடும். வாங்கி, கறுப்போடு அப்படியே மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தேன்.