டூலாவா, அம்மாவா, ஆயாவா: பிரசவத் துணைக்கு யாரை வைப்பது?

கர்ப்பத்தில் ஏழாம் மாதம் தொடங்கிவிட்டால் வீட்டில் இரண்டு கேள்விகள் ஓட ஆரம்பிக்கும். வலி எடுத்தால் துணைக்கு யார் போவது? வந்த பிறகு பச்சை உடம்பை யார் பார்த்துக்கொள்வது? முன்பெல்லாம் இரண்டுக்கும் ஒரே பதில்தான், அம்மா. இப்போது புதுச்சேரியில், காசு வாங்கிக்கொண்டு பிரசவத்துக்குத் துணை இருக்கும் டூலா என்ற பெயரும் காதில் விழுகிறது. ஆரோவில் பக்கத்துப் பழக்கமாக இருந்தது, மெல்ல ஊருக்குள்ளும் வருகிறது. கடலூர்க்காரர்கள் பெரும்பாலும் புதுச்சேரியிலிருந்துதான் ஆள் வரவழைக்க வேண்டியிருக்கும்.

"நாங்க எல்லாம் யாருக்குக் காசு குடுத்துப் பிள்ளை பெத்தோம்?" என்று மாமியார் கேட்பார். நியாயமான கேள்விதான்.

டூலா மருத்துவச்சி இல்லை, நர்ஸும் இல்லை. உள்பரிசோதனை செய்ய மாட்டார், ஊசி போட மாட்டார், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு முடிவு சொல்ல மாட்டார். கர்ப்ப காலத்தில் சில முறை சந்தித்துப் பேசுவார். வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும் வரை பக்கத்தில் இருப்பார். இடுப்பை அழுத்திப் பிடிப்பது, நடக்க வைப்பது, குனிய வைப்பது, மூச்சைச் சீராக விட வைப்பது, டாக்டர் சொன்னதைப் புரியும்படி திருப்பிச் சொல்வது எல்லாம் அவர் வேலை. பிறகு முதல் பாலூட்டலுக்கு உதவிவிட்டு, வீட்டுக்கும் ஓரிரு முறை வந்து பார்ப்பார். இதைத் தாண்டி "ஆஸ்பத்திரியே வேண்டாம், வீட்டிலேயே பெத்துக்கலாம்" என்று ஒருவர் பேசினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் நடத்திய பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோனது பலருக்கும் நினைவிருக்கும்.

சரி, கூட ஒருத்தர் இருப்பதால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? 1980-ல் வெளியான ஒரு குவாத்தமாலா ஆய்வைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்குத் துணையாக ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். சிக்கலில்லாமல் பெற்றவர்களில், மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை துணை இருந்தவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரம், இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம். துணைக்கு உட்கார்ந்தவர் அந்தப் பெண்களுக்கு முன்பின் தெரியாதவர், மருத்துவம் படிக்காதவர். ஆனால் இது சின்ன ஆய்வு. இந்த எண்ணைக் காட்டி யாராவது பேக்கேஜ் விற்றால் நம்பிவிடாதீர்கள். 2017-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள். விட்டுப் போகாத துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைவு என்று வந்தது. வலி நேரம் குறைந்தது சுமார் 40 நிமிடம்தான். 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் துணை இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதில் திரும்பத் திரும்ப வரும் சொல் "விட்டுப் போகாத". எத்தனை சான்றிதழ் என்பதைவிட, லேபர் வார்டு கதவுக்குள் யாரால் வர முடியும், வந்தவர் கடைசி வரை நிற்பாரா என்பதுதான் முக்கியம். நான் எல்லோரையும் இந்த அளவுகோலில்தான் நிறுத்திப் பார்க்கிறேன்.

அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் ராஜீவ் காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, ஜிப்மர் என்று எங்கே போனாலும் கூட்டம் கூட்டம்தான். மத்திய சுகாதாரத் துறையின் பிரசவத் துணை விதிப்படி ஒரு பெண்ணுக்கு ஒரே துணை. அவர் பெண்ணாக, ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, பிரசவம் முழுக்க இருக்கச் சம்மதிக்க வேண்டும், ஊழியர்கள் வேலையில் தலையிடக் கூடாது. மறைவு வசதி இருக்கும் இடத்தில் கணவரை விடலாம். அதாவது கல்யாணமாகாத தங்கை எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் விதிப்படி உள்ளே வர முடியாது. டூலாவை அழைத்துப் போனால் அந்த ஒற்றை இடம் அவருக்குப் போய்விடும், அம்மா வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். என்னைக் கேட்டால் அரசு மருத்துவமனைக்கு டூலா வேண்டாம். பிள்ளை பெற்ற அக்காவோ சித்தியோ அம்மாவோ, யார் பதறாதவரோ அவரைத் தேர்ந்தெடுங்கள்.

பதறாதவர் என்று சொல்லக் காரணம் உண்டு. மகள் வலியில் கத்தும்போது அம்மாவுக்கும் கண்ணீர் வரும், கை நடுங்கும், ஒரு கட்டத்தில் "டாக்டர், ஆபரேஷன் பண்ணிடுங்க, என் பொண்ணு தாங்க மாட்டா" என்று அவரே கேட்டுவிடுவார். பாசம்தான், ஆனால் உள்ளே படுத்திருப்பவளுக்கு அது உதவாது. டூலாவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவருக்கு இது வேலை, எந்தக் கட்டத்தில் எப்படிக் கத்துவார்கள் என்று ஏற்கெனவே பார்த்திருப்பார். ஆனால் அம்மாவுக்குத் தெரிவது டூலாவுக்குத் தெரியாது. மகள் பயத்தில் பேசாமல் போவாளா, கோபத்தில் பேசாமல் போவாளா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மாவைத் தயார்படுத்தினால் பாதிக் குறை தீரும். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து, எங்கே அழுத்த வேண்டும், எப்போது தண்ணீர் கொடுக்கலாம், எதை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு வராமல், இந்த ஒரு வகுப்பை மட்டும் எடுக்கச் சம்மதிக்கும் டூலா கிடைத்தால் அது நல்ல பேரம்.

கணவர்? உள்ளே விடும் மருத்துவமனையாக இருந்தால், அவரும் ரத்தத்தைக் கண்டு மயங்காதவராக இருந்தால், தாராளமாக வரட்டும். ஆனால் நம் பக்கத்தில் பல கணவர்கள் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், வலி தேதி பார்த்து வருவதில்லை.

நர்ஸைத் துணையாகக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஷிப்ட் மாறும், ஒருவருக்கு நாலைந்து கட்டில் இருக்கும். அன்பான நர்ஸ் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

தனியார் மருத்துவமனையில் தனி அறை, நல்ல கட்டணம் என்றால் நிலைமை வேறு. அங்கேதான் டூலாவுக்கு அர்த்தம் வருகிறது. அதிலும் அம்மா உயிரோடு இல்லாதவர்கள், அம்மாவுக்கு முட்டிவலியோ சர்க்கரையோ இருப்பவர்கள், வேலைக்காக இந்த ஊருக்கு வந்து சொந்தம் யாரும் பக்கத்தில் இல்லாதவர்கள், முதல் பிரசவம் கசப்பாகிப் போனவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்தப் பணம் வீண் இல்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மருத்துவமனையைக் கேளுங்கள். ரிசப்ஷனில் கேட்டால் போதாது, பிரசவம் பார்க்கும் டாக்டரையே கேளுங்கள்: "டூலாவை உள்ளே விடுவீங்களா? ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயும் விடுவீங்களா?" முதல் கேள்விக்கு ஆமாம் என்பவர்களே இரண்டாவது கேள்விக்குத் தயங்கலாம்.

டூலா இருந்தால் சிசேரியன் தப்பிவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019-21-ல் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், இந்திய அளவில் அது 21.5. இவ்வளவு பெரிய இடைவெளியை ஒரு டூலா இடுப்பைப் பிடித்துவிட்டு மாற்றிவிட முடியாது. ஆஸ்பத்திரியின் வழக்கம், டாக்டரின் பொறுமை, வீட்டார் கேட்கும் நல்ல நேரம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. சுகப்பிரசவம்தான் வேண்டும் என்றால் டூலாவைத் தேடும் முன் டாக்டரைத் தேடுங்கள்.

தூரமும் இருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் 25 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சுற்றுலா வண்டிகளோடு அரியாங்குப்பத்தைக் கடந்து பாருங்கள், பிறகு பேசுவோம். ஆரோவில் பக்கம் இருக்கும் டூலா நடுராத்திரியில் திருப்பாப்புலியூருக்கு எப்படி வருவார், வண்டிக்காசு யாருடையது, அவருக்கே காய்ச்சல் என்றால் மாற்று ஆள் யார் என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வழக்கமாக 38-ஆவது வாரத்திலிருந்து கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பார்கள். உங்களுக்கு 36-லேயே பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வார் என்பதும் அதே கேள்வியில் சேர்த்தி.

இனி குழந்தை பிறந்த பிறகு. என் கணக்கில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பிரசவம் ஒரு நாளில் முடிந்துவிடும், அப்புறம் வரும் வாரங்கள்தான் ஆளை உடைக்கும். இங்கே டூலாவுக்குப் போட்டி குளிப்பாட்ட வரும் ஆயா. நம் பக்கத்து ஆயாமார்களுக்குக் கை வாகு இருக்கிறது. அவர் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதைப் பார்த்தால் மூன்று நாளாகத் தூங்காத தாய்க்கே தூக்கம் வரும். தாய்க்கு வெந்நீர் ஊற்றி, வயிற்றில் துணி கட்டி, சாம்பிராணி போட்டுவிட்டுப் போவார். பூண்டுக் குழம்புக்கும் பால் சுறாப் புட்டுக்கும் பக்குவம் சொல்வார். காலையில் கொஞ்ச நேரம் வந்துபோகும் ஒருவர் ஒரு வீட்டின் சுமையை இவ்வளவு இறக்கிவைப்பதை டூலாவால் செய்ய முடியாது. அது அவர் வேலையும் இல்லை.

ஆனால் ஆயாவிடம் சில விஷயங்களை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, ஊதக் கூடாது. மார்பைப் பிதுக்கக் கூடாது. வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வாயில் போகக் கூடாது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். சிசேரியன் ஆனவருக்கு வயிற்றை அழுத்தித் தேய்க்கக் கூடாது. அம்மா, மாமியார் சார்பில் வரும் பத்தியத்திலும் ஒன்றை மறுக்க வேண்டும்: "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று தண்ணீரை நிறுத்துவது. பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுத்தால் குடிக்கத்தான் வேண்டும். சீம்பாலைக் கறந்து கொட்டச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போக வேண்டியது அந்தப் பால்தான்.

ஆயா தோற்கும் இடத்தில் டூலா ஜெயிக்கிறார். மார்க்காம்பு வெடித்து, குழந்தை சரியாகக் கவ்வாமல், "உனக்குப் பாலே இல்ல" என்று வீடே தீர்ப்புச் சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையைப் பிடிக்கும் விதத்தைத் திருத்த ஒருவர் வேண்டும். "எனக்கு இந்தக் குழந்தையைப் பார்த்தா எதுவுமே தோணல" என்று தாய் சொன்னால் அதிர்ச்சி அடையாமல் கேட்கவும் ஒருவர் வேண்டும். நல்ல டூலாவிடம் இது இருக்கும். முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம். அதைத் தாண்டியும் நீடித்தால், அல்லது தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் எப்போது வந்தாலும், டூலாவிடமும் நிறுத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலும் பேசலாம். அதேபோல ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, காய்ச்சல், கண் மங்கும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் ஆயா, டூலா, லேகியம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 108.

ஆகவே கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். அரசு மருத்துவமனையில் அம்மாவோ அக்காவோ துணை, நாற்பது நாளுக்கு ஆயா, பால் சரியாக இறங்காவிட்டால் டூலாவையோ பாலூட்டல் ஆலோசகரையோ ஒரு தடவை வரவழைப்பது. கடலூர்ப் பக்கம் தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வந்துவிடும். மீதி தவணை தவணையாக வருவதால் ஆயா சம்பளத்துக்கு அதை நம்பி உட்கார வேண்டாம். பணம் இருந்து, தனியார் மருத்துவமனை என்று முடிவாகி, சொந்தம் பக்கத்தில் இல்லையென்றால் டூலாவை முழுப் பேக்கேஜாக எடுங்கள், ஆயாவை அப்போதும் விட்டுவிடாதீர்கள். பேசி முடிக்கும்போது நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் ஆகிவிட்டால் கட்டணம் எவ்வளவு, அவர் வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.