டிரைசால்: குடல் புற்றுநோய்ச் செல்களில் பிடென் மரபணுவை அளக்க எவ்வளவு நம்பலாம்?

பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களிலிருந்து ஆர்என்ஏ எடுக்க, ஃபீனாலும் குவானிடின் உப்பும் கலந்த டிரைசால் (TRIzol) அருமையான கரைசல். விளைச்சலும் நிறைவாக இருக்கும். ஆனால் கட்டி அடக்கி மரபணுக்களில் (புற்றுக்கட்டி வளராமல் தடுப்பவை) பிடெனை (PTEN) அளப்பவர்கள் கூடவே டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியும் வாங்கியாக வேண்டும்.

எச்சிடி116 (HCT116), எஸ்டபிள்யூ480 (SW480) ஆகிய குடல் புற்றுநோய்ச் செல் வகைகள் இரண்டும் தட்டில் ஒட்டி வளர்பவை. டிரிப்சின் நொதி போட்டுப் பெயர்க்க வேண்டாம். வளர்ப்பு ஊடகத்தை உறிஞ்சிவிட்டு டிரைசாலைத் தட்டிலேயே ஊற்றுங்கள். ஆறு குழித் தட்டில் குழிக்கு 1 மில்லி தாராளம். அதற்கு 0.2 மில்லி குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கி, 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றினால் மேலே ஆர்என்ஏ உள்ள தெளிநீர், நடுவே டிஎன்ஏ உள்ள வெண்படலம், அடியில் சிவந்த ஃபீனால் என்று பிரியும். பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். தெளிநீர் சுமார் 600 மைக்ரோலிட்டர் கிடைக்கும். 400 எடுத்தால் போதும். மிச்சத்துக்கு ஆசைப்பட்டுப் பிப்பெட் முனை படலத்தில் பட்டால் டிஎன்ஏ கூடவே வந்துவிடும்.

பிடெனுக்கு அது பெருங்கேடு. அதன் போலி மரபணுவான (மரபணுவைப் போன்ற வரிசை கொண்ட நகல்) பிடென்பி1 இன்ட்ரான் (மரபணுவின் இடையில் வந்து, ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் பகுதி) இல்லாதது. ஆகவே பிசிஆரில், எக்சான்கள் (ஆர்என்ஏவில் எஞ்சும் பகுதிகள்) இணையும் இடத்தில் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு இழை) வைத்தாலும் டிஎன்ஏ பெருகும். 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுக்கு 1 யூனிட் டிஎன்ஏஸ் போடுங்கள். அதுவும் பாதித் தீர்வுதான்: பிடென்பி1 ஆர்என்ஏவாகவும் படியெடுக்கப்படுகிறது. பிரைமரின் 3' முனை இரண்டு வரிசைகளும் வேறுபடும் இடத்தில் விழ வேண்டும். தலைகீழ்ப் படியெடுப்பு நொதி (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றுவது) சேர்க்காத ஒப்பீட்டுக் குழாயின் சிடி மதிப்பு (சமிக்ஞை தெரியத் தொடங்கும் பிசிஆர் சுழற்சி எண்) மாதிரியைவிட 7 சுழற்சியாவது பிந்தினால்தான் டிஎன்ஏ கலப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழ் என்று கொள்ளலாம்.

260, 230 நானோமீட்டர் ஒளியை ஆர்என்ஏ கரைசல் உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/230) தாழ்ந்தால் குவானிடின் உப்பு ஒட்டியிருக்கிறது. 75% எத்தனாலில் இன்னொரு முறை கழுவுங்கள். ஆர்என்ஏ படிவை முற்றிலும் காயவிட்டால் எளிதில் கரையாது.

ஆர்என்ஏவைச் சிலிக்காவில் ஒட்டவைத்துப் பிரிக்கும் குழல் (column) கிட்டுகள் வேகமானவை, ஃபீனால் தொல்லையும் இல்லை. ஆனாலும் ஒரே குழாயிலிருந்து டிஎன்ஏவும் புரதமும் எடுக்க முடிவது டிரைசாலின் சிறப்பு. ஆர்கேஓ (RKO) என்ற குடல் புற்றுநோய்ச் செல்லில் டிஎன்ஏ பழுதுநீக்கும் மரபணுவான எம்எல்எச்1 (MLH1) அடங்கியிருப்பது மெத்திலேற்றத்தால் (டிஎன்ஏவில் மெத்தில் குழு ஒட்டுவது). அதை அந்த டிஎன்ஏவிலேயே சோதிக்கலாம். எஸ்டபிள்யூ480இல் திரிந்த பி53 புரதம் குவிந்து கிடக்கும். அதன் மரபணுவான டிபி53இன் ஆர்என்ஏ அளவை மட்டும் பார்த்தால் அது தெரியாது. புரதப் படிவு மட்டும் எளிதில் கரையாது, 1% எஸ்டிஎஸ் (SDS) சலவைப்பொருள் கரைசலில் 50 டிகிரியில் சூடாக்க வேண்டும்.

மீந்த கழிவில் பிளீச்சிங் கரைசலை ஊற்றவே கூடாது; நச்சு வாயு கிளம்பும்.