24 மாத நிலையான விலை மின்சாரம்: எடுக்கலாம், யாரிடம் என்பதுதான் கேள்வி

சிங்கப்பூரில் வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை எஸ்பி குழுமத்திடமும் வாங்கலாம், போட்டிக்கு விற்கும் மற்ற நிறுவனங்களிடமும் வாங்கலாம். இரண்டு வருடத்துக்கு யூனிட் விலை மாறாது என்று அப்படி ஒரு நிறுவனம் எழுதிக் கொடுக்கும் மின்சாரத் திட்டத்தில்தான் எங்கள் நான்கறை வீடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தபோது திரும்பவும் அதே மாதிரித் திட்டத்தைத்தான் எடுத்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாதச் சம்பளத்தில் கணக்குப் போட்டுக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது நல்ல திட்டம், ஆனால் அரைக் காசு குறைவாகத் தருகிறார்கள் என்பதற்காக யாரிடம் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அரிசி விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் தேக்கா சந்தையில் இரண்டு மூட்டை கூடுதலாக வாங்கிப் போடலாம். மின்சாரத்தை அப்படி வாங்கி அடுக்க வழியில்லை. ஆனால் சிங்கப்பூரில் மின்சாரம் என்றாலே கிட்டத்தட்ட 95 விழுக்காடு இயற்கை எரிவாயுதான். இந்தோனீசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குழாயில் வருகிறது, மிச்சம் கப்பலில் திரவமாக ஜூரோங் தீவில் வந்து இறங்குகிறது. எங்கேயோ போர் என்றாலும், எங்கேயோ கடும் குளிர் என்றாலும் அந்த எரிவாயுவின் விலை ஏறி, நம் வீட்டு ஏர்கான் வரைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. நிலையான விலைத் திட்டம் எடுப்பது, நாளைக்கு வேண்டிய எரிபொருளுக்கு இன்றைக்கே விலை பேசி முடிப்பதுதான்.

வேறு நிறுவனத்துக்கு மாறாமல் எஸ்பி குழுமத்திலேயே இருப்பவர்களுக்குக் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிவாயு விலையைச் சராசரி எடுத்து அடுத்த காலாண்டின் எரிபொருள் செலவைக் கணக்கிடுகிறார்கள், அதனால் உலகச் சந்தையில் விலை ஏறியது நம் பில்லில் தெரியக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் தெரியாமல் போகாது. 2020 மூன்றாம் காலாண்டில் ஒரு யூனிட் 19.60 காசு. 2022 மூன்றாம் காலாண்டில் 30.17 காசு. இரண்டும் ஜிஎஸ்டி சேர்க்காத விலை. மாதம் 400 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இது 78 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) ஏறக்குறைய 121 வெள்ளி. ஒரு விளக்குகூட அதிகமாகப் போடாமலேயே மாதம் 42 வெள்ளி கூடுதல். பிள்ளைகளின் டியூஷன், பெற்றோரின் மருந்து, வீட்டுக் கடன் என்று எல்லாம் கணக்கில் நிற்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லாரும் நிலையான விலைக்கு மாறிவிட்டால் போதுமா? இங்கேதான் 2021ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருடம் அக்டோபரில் உலக எரிவாயு விலை எகிறியது, இந்தோனீசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து வரும் குழாய் எரிவாயுவும் குறைந்தது, இங்கே விற்பனை நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் மொத்த மின்சந்தையில் விலை தறிகெட்டு ஏறியது. அந்தச் சந்தையில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை விலை மாறும். அங்கே ஏறுகிற விலைக்கு வாங்கி, நமக்குப் பேசிய பழைய விலைக்கே விற்க வேண்டிய நிலைமை வந்தால் எந்த வியாபாரம் தாங்கும்? ஐசுவிட்ச், ஓம் எனர்ஜி உள்ளிட்ட சில நிறுவனங்கள் வரிசையாகச் சந்தையை விட்டு விலகின. வாடிக்கையாளர்கள் எஸ்பிக்கு மாற்றப்பட்டார்கள். யார் வீட்டிலும் மின்சாரம் நிற்கவில்லை, அந்த விஷயத்தில் மின்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எரிசக்திச் சந்தை ஆணையத்தின் ஏற்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் விலை ஏறும்போது காப்பாற்றும் என்று நம்பி எடுத்த திட்டம், விலை ஏறிய அந்த நேரத்திலேயே கையை விட்டுப் போய்விட்டது.

அதனால் நான் முதலில் பார்ப்பது, எனக்கு விலை பேசுகிற நிறுவனம் தனக்கு வேண்டிய எரிபொருளுக்கோ மின்சாரத்துக்கோ ஏற்கெனவே விலை பேசி வைத்திருக்கிறதா என்பதை. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை நாம் திறந்து பார்க்க முடியாது, ஆனால் சொந்தமாக மின்நிலையம் இருக்கிறதா என்று பார்க்கலாம். செனோக்கோ, துவாஸ் பவர், கெப்பல், செம்ப்கார்ப், பசிபிக்லைட் எல்லாம் உற்பத்தியும் செய்கிற குழுமங்கள். ஜெனெகோ என்பதும் இன்னொரு மின் உற்பத்தி நிறுவனமான ஒய்டிஎல் பவர்செராயா வீடுகளுக்கு விற்கும் பெயர்தான். இவர்களிடம் யூனிட்டுக்கு ஒரு காசு அதிகம் என்றாலும் 400 யூனிட்டுக்கு மாதம் 4 வெள்ளிதான். அந்த 4 வெள்ளியை நான் மனதாரக் கொடுப்பேன்.

அடுத்தது, கடைத்தொகுதிகளில் மேசை போட்டு விற்பவர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "தம்பி, ரெண்டு வருஷத்துக்கு விலை ஏறாதுன்னு சொன்னாங்க" என்று தாளைக் காட்டினார். வாங்கிப் பார்த்தால் அது எஸ்பி கட்டணத்தில் தள்ளுபடி தரும் திட்டம். எஸ்பி ஏறினால் அதுவும் கூடவே ஏறும். விற்றவர் வவுச்சரைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசியிருக்கிறார், இதைச் சொல்லவே இல்லை. வயதானவர்களிடம் இப்படி விற்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் வீடுகளுக்கு விற்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தகவல் தாள் கொடுத்தாக வேண்டும். அதில் திட்டத்தின் வகை, யூனிட் விலை, ஒப்பந்தக் காலம், முன்வைப்புத் தொகை, பாதியில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எல்லாம் இருக்கும். பையில் போடுவதற்கு முன்னால் விலகல் தொகையையும், காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்வார்களா என்பதையும் நின்று படித்துவிடுங்கள். ஆணையத்தின் விலை ஒப்பீட்டு இணையப்பக்கத்தில் எல்லாத் திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எந்த மேசைக்கும் போகத் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. விலை இறங்கினால் நாம் பழைய விலையில் மாட்டிக்கொள்வோம். 2020ல் கொவிட் வந்து எண்ணெய் விலை சரிந்தபோது, எரிபொருளுக்கு முன்கூட்டியே விலை பேசி வைத்திருந்த சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கே பெரிய நட்டம் வந்தது. ஆக லாபம் பார்க்கலாம் என்று இதை எடுக்கக் கூடாது. அப்புறம், நிறுவனத்தைப் பொறுத்து மின்சார பில் தனியாகவும் எஸ்பியின் தண்ணீர் பில் தனியாகவும் வரலாம், அரசாங்கம் பில்லுக்குத் தரும் யூசேவ் கழிவு எஸ்பி கணக்கில்தான் வந்து சேரும் என்பதால் முதல் மாதம் கொஞ்சம் குழப்பமாக இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஒரு வருடத்துக்குள் வீடு மாறப்போகிறவர்கள் 24 மாதம் எடுக்க வேண்டாம். விலகல் தொகை கட்டினால் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும். 6 அல்லது 12 மாதத் திட்டம் கிடைத்தால் பாருங்கள், இல்லையென்றால் எஸ்பியிலேயே இருங்கள்.