அவுட்சோர்சிங் அலுவலகம்: கோலாலம்பூரா, பினாங்கா?

மற்ற நிறுவனங்களின் வேலையை வாங்கிச் செய்துகொடுக்கும் எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தை எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோது, கூட்டாளிகளில் பாதிப் பேர் கோலாலம்பூர் பக்கம் நின்றார்கள். கடைசியில் பினாங்கின் பாயான் பாருவில் இடம் பிடித்தோம். ஆகவே நான் பினாங்குக்குக் கொஞ்சம் வக்காலத்து வாங்கத்தான் செய்வேன்.

கோலாலம்பூரின் பலம் ஊரறிந்தது. வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்புத் தலைமையகங்கள் அங்கே. 1996இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற அரசின் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தில் எழுந்த சைபர்ஜெயா நகரமும் அந்தப் பக்கம்தான். எல்ஆர்டி நகர ரயில் ஏறி வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வரலாம். வாடகையும் சம்பளமும் கூடுதல், அவ்வளவுதான்.

நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று: பழக்கிய ஆள் விலகினால் எங்கே போகிறார்?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. இன்டெல், ஏஎம்டி என்று வரிசையாக சிப் ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றி இயந்திரமும் சோதனைக் கருவியும் செய்யும் உள்ளூர் நிறுவனங்கள் முளைத்தன. எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தி அப்படி ஓர் ஆலைக்காக மென்பொருள் திரை வடிவமைக்கப் போனாள். தொப்பி, மேலங்கி மாட்டி, ஒரு ஷிப்ட் முழுக்க லைனில் நின்று பார்த்தாள். கையுறை விரலுக்குத் தோதாகப் பொத்தான்களைப் பெரிதாக்கினாள். அப்புறம் ஓர் இயந்திர நிறுவனம் கூடுதல் சம்பளம் தந்து அவளைக் கொத்திக்கொண்டு போனது. கோபம்தான். ஆனால் இன்று அந்த நிறுவனத்தின் மென்பொருள் வேலையை எங்களுக்கு அனுப்புகிறவளே அவள்தான். தலைநகரில் இருக்கும் நண்பர்களின் நிறுவனங்களிலிருந்து விலகியவர்கள் இன்னொரு வங்கிக்குப் போனார்கள். வேலை எதுவும் திரும்பி வரவில்லை. ஆட்களை இழுக்கும் சிங்கப்பூர் டாலர் சம்பளம் இரண்டு ஊருக்கும் பொதுவான வில்லன், அதை விடுங்கள்.

இந்தச் சுழற்சி தானாக வரவில்லை. மாநில அரசும் ஆலைகளும் கல்வி நிலையங்களும் கைகோத்து 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. சந்தையில் மோதிக்கொள்ளும் கம்பெனிகளின் ஆட்கள் அங்கே ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

கால் சென்டர், கணக்கு வேலை நாங்கள் செய்ததில்லை. அதில் என் பேச்சை நம்ப வேண்டாம். வங்கிகள்தான் வாடிக்கையாளர் என்றால் யோசிக்காமல் கோலாலம்பூர் போங்கள். பினாங்கிலும் ஓர் ஆபத்து உண்டு: சிப் ஆர்டர் சரிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை இறுக்குவார்கள். அதனால்தான் ஒரு தனியார் மருத்துவமனையின் வேலையை, லாபம் குறைவென்றாலும், விடாமல் வைத்திருக்கிறோம்.