துடுப்பா, உதைபந்தா? தேய்ந்த விளையாட்டுப் பொருள்களில் கலைக்குக் கைகொடுப்பது எது

ஆண்டின் முதல் மாதங்களில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில், பிள்ளைகள் இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரிந்து மோதும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டும். ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் இணையாக இல்லச் சோடனைக்கும் போட்டி நடக்கும். மூங்கில், ஓலை, சாக்கு, கடதாசி என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு பிள்ளைகள் கோட்டையும் கப்பலும் எழுப்புவார்கள். அதே பாடசாலையின் விளையாட்டு அறையிலோ பிளந்த கிரிக்கெட் துடுப்புகளும் காற்று நிற்காத உதைபந்துகளும் தையல் விட்ட கிரிக்கெட் கடினப்பந்துகளும் தூசி படிந்து கிடக்கும். சோடனைக்கு மட்டுமல்ல, நின்று நிலைக்கும் கலைப்படைப்புக்கும் வேண்டிய பொருள் அந்த அறையிலேயே இருக்கிறது. அதில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

என் அளவுகோல் ஒன்றுதான். வேலை முடிந்த பிறகும் விளையாடிய தடம் தெரிய வேண்டும். பந்து பட்ட தழும்பு, தரை உரசிய கீறல், வியர்வை ஊறிய பிடி ஆகியவற்றை வண்ணத்தால் மூடுவதாக இருந்தால் புதுப் பலகையே வாங்கிக்கொள்ளலாம்.

எல்லோர் கையும் முதலில் துடுப்பை நோக்கித்தான் நீளும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் ஆட்டமான, 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் இன்றும் ஊரைக் கூட்டுகிறது. துடுப்புக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. மரமும் நல்ல மரம். வில்லோ இலேசானது, நேரான ரேகை கொண்டது, உளிக்கு இணங்குவது. ஆனால் அதன் இரு பக்கங்களும் ஒன்றல்ல. பந்தை அடிக்கும் முகத்தை, தயாரிக்கும்போதே உருளையால் அழுத்தி இறுக்கியிருப்பார்கள். அங்கே உளி முரண்டு பிடிக்கும். முதுகுப் பக்கத்தில் சுகமாக இறங்கும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துடுப்பில் நீர்வண்ணம் ஒட்டாது. பிடியின் றப்பர் உறையைக் கழற்றிப் பாருங்கள்: பிரம்பின்மேல் நெருக்கமாகச் சுற்றிய நூல் வெளிப்படும். முழுத் துடுப்பிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இவ்வளவும் இருந்தும் துடுப்புக்கு முதலிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அதன் அகலம் விதிப்படி 10.8 சென்ரிமீற்றரைத் தாண்டாது. இந்த ஒடுங்கிய பலகை கையில் வந்ததும் பலர் அதில் ஒரு முகத்தையோ நல்லூர்க் கோபுரத்தையோ வரைந்து சுவரில் கொழுவிவிடுகிறார்கள். ஓவியம் நன்றாகவே இருக்கலாம், ஆனால் துடுப்பு அங்கே வெறும் சட்டமாகிவிடுகிறது. வில்லோ வெளியில் வைத்தால் நீடிக்கும் மரமுமல்ல. மழையும் கறையானும் சேர்ந்தால் விரைவில் உளுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடைந்த துடுப்பைப் பிசின் வைத்து, நூல் சுற்றி, மென்பந்து விளையாட எடுத்துப்போகும் பையன்கள் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். விளையாட இன்னும் உயிர் இருக்கும் பொருளைக் கலை பறிக்கக் கூடாது.

கடினப்பந்தின் அழகு வேறு. ஒரு பக்கத்தைத் துடைத்துத் துடைத்து மினுக்கியிருப்பார்கள். மறுபக்கத்தைத் தேயவிட்டிருப்பார்கள். நடுத்தையலை அறுத்து இரு பாதிகளையும் அருகருகே வைத்தால், ஒரே நாளில் ஒரே தோலில் பிறந்தவை என்று சொல்ல முடியாது. ஒன்று கருஞ்சிவப்பாய் ஒளிரும், மற்றது வெளிறிப் பொருக்கு விட்டிருக்கும். உள்ளே தக்கையும் இறுகச் சுற்றிய நூலும் இருக்கும். கையடக்கமான நுண்வேலைக்கு இதைவிடச் சிறந்த பொருள் இல்லை. பரப்புத்தான் போதாது. ஓர் உதைபந்தின் தோலுக்கு ஈடாக ஏறத்தாழ ஒன்பது கடினப்பந்துகள் வேண்டும்.

உதைபந்துக்கு வருகிறேன். குருநகர், நாவாந்துறை, வடமராட்சி என்று உதைபந்து உயிராய் இருக்கும் ஊர்களில் பந்துகள் வேகமாகத் தேய்கின்றன. கல்லும் மணலும் கலந்த தரை அவற்றின் மேற்பூச்சை உரித்துவிடும். துடுப்பைப்போல் ஒட்டிப் பாவிக்கவும் முடியாது. பழைய சைக்கிள் என்றால் இரும்பு வாங்குபவர் நிறுத்துக் காசு கொடுப்பார். வெடித்த பந்தை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. கடைசியில் அது குப்பையோடு எரிக்கப்படுகிறது. பிவிசி பூசிய பந்து எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிவரும். பிள்ளைகள் நிற்கும் வளவில் அந்தப் புகை வேண்டவே வேண்டாம்.

பொருளாகவும் அது வளமானது. 32 துண்டுகள் கொண்ட பந்தில் 20 அறுகோணங்கள், 12 ஐங்கோணங்கள். ஒவ்வொன்றின் பக்கமும் ஏறத்தாழ நாலரைச் சென்ரிமீற்றர். ஏழு பந்துகளைப் பிரித்தால் ஒரு சதுர மீற்றரை நெருங்கிய தோல் கிடைக்கும். தையல் துளைகள் ஏற்கெனவே சீராக இருப்பதால் செருப்புத் தைக்கும் ஊசியும் மெழுகு நூலும் போதும். வேலையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது: அறுகோணங்களை மட்டும் சேர்த்துத் தைத்தால் தட்டையான விரிப்பு வரும். இடையில் ஓர் ஐங்கோணத்தை வைத்துச் சுற்றிலும் அறுகோணங்களைத் தைத்தால் அந்த இடம் தானாகவே புடைத்து எழும். சிலைக்கு வேண்டிய கன்னத்தையும் தோளையும் முழங்காலையும் களிமண் இல்லாமலே எழுப்பிவிடலாம். ஐங்கோணத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கும் பிள்ளை சிற்பமும் கேத்திரகணிதமும் ஒருசேரக் கற்றுக்கொள்கிறது.

இப்படிப் பிரித்துத் தைப்பதற்கு உலகறிந்த முன்மாதிரி உண்டு. கனடாவின் டேன்-ஸா பழங்குடி வழிவந்த கலைஞர் பிரையன் யுங்கன், 1998 முதல் 2005 வரை நைக்கி நிறுவனத்தின் ஏயர் ஜோர்டன் விளையாட்டுக் காலணிகளைப் பிரித்து, வடமேற்குக் கரையோரப் பழங்குடியினரின் முகமூடிகளை நினைவூட்டும் 23 முகமூடிகளைச் செய்தார். காலணியின் தையலையும் சின்னத்தையும் அவர் மறைக்கவில்லை. பார்ப்பவருக்கு முகமூடியும் தெரியும், காலணியும் தெரியும். உதைபந்திலும் அதையே செய்ய வேண்டும். பாதி அழிந்த எழுத்தும் காற்றுத் துளையும் அப்படியே இருக்கட்டும்.

உதைபந்திலும் சிக்கல்கள் உண்டு. எல்லாப் பந்தும் தைத்த பந்தல்ல. இரண்டு துண்டுகளின் இணைப்பை விரல்களால் இழுத்துப் பாருங்கள். நூல் தெரிந்தால் பிளேட்டால் பிரிக்கலாம். தெரியாவிட்டால் அது சூட்டில் ஒட்டியது. கத்தரிக்கோலால் வெட்டித் துளையும் நீங்களே போட வேண்டும். செயற்கைத் தோலில் சாதாரண வண்ணம் பொருக்காக உதிரும், ஆகவே வண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது. நேர்வெயிலில் மேற்பூச்சு வெடிக்கும். உள்ளே இருக்கும் றப்பர்ப் பையையும் எறிய வேண்டாம். கீலம் கீலமாக வெட்டினால் மூங்கிலை இறுக்கிக் கட்ட நல்ல நாடா.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இறகுப் பந்தில் 16 இறகுகள், முழுப் பந்தே ஐந்து கிராம் அளவுதான். காற்றில் ஆடும் தொங்கல்களுக்கு அருமையானது, ஆனால் ஈரப்பதனில் பூஞ்சணம் பிடிக்கும். ரெனிஸ் பந்தின் மஞ்சள் மயிர்த்துணி மென்பந்து ஆட்டத்திலேயே உதிர்ந்துவிடுவதால் மிஞ்சுவது மொட்டை றப்பர்தான். சைக்கிளின் இருக்கையையும் கைபிடியையும் சேர்த்து 1942இல் பிக்காசோ காளைத் தலை செய்துவிட்டார். அதை அப்படியே திரும்பச் செய்யும் ஆசையை மட்டும் தவிர்த்தால் சைக்கிளிலும் செய்ய நிறைய உண்டு.

ஆக என் தெரிவு: தனியொருவர் மேசையில் வைத்துச் செய்யும் சிறு வேலைக்குக் கடினப்பந்து, மரவேலை பழகியவருக்கு ஒட்டவே முடியாதபடி பிளந்த துடுப்பு, கூட்டமாகச் செய்யும் பெரிய வேலைக்குச் சந்தேகமில்லாமல் உதைபந்து. இல்லச் சோடனைக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் மூன்றாம் தவணையிலேயே பக்கத்து விளையாட்டுக் கழகங்களிடம் சொல்லி வைத்தால், வெடித்த பந்துகளை எறியாமல் சேர்த்துத் தருவார்கள். வாங்கியதும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பிரிக்கும் வேலையைப் பிளேட் பிடிக்கத் தெரிந்த மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தையலைச் சின்னவர்களும் செய்வார்கள்.