உருளைக்கிழங்கு விதை என்று சொல்லி கறிக்கிழங்கை ஏற்றி விடுகிறார்கள், கவனம்

270,000 ரூபா போய்விட்டது. 50 கிலோ மூட்டை பத்து, கிலோ 540 ரூபாப்படி. "கிரனோலா விதைக் கிழங்கு, சான்றிதழ் அட்டையோடு" என்று ஒன்லைன் விளம்பரச் செயலி ஒன்றில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியது. கிரனோலா என்பது ஒரு உருளைக்கிழங்கு இனம். கொழும்புப் பக்கம் இருந்த வீட்டை விட்டுவிட்டு வெலிமடை, ஊவா பரணகமப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் எடுத்துத் தோட்டம் செய்ய வரும் எங்களைப் போன்ற குடும்பங்களைத்தான் இந்த ஆட்கள் குறி வைக்கிறார்கள். வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் எங்களுக்கு விற்றவன் செய்த வேலையைக் கேளுங்கள்.

நம்ப வைத்த விதம்தான் இன்னும் எரிகிறது. விளம்பரத்துக்குப் பதில் போட்ட உடனே வீடியோ அனுப்பினான். மரத் தட்டுகளில் ஒரே வரிசையாகப் பரப்பிய கிழங்கு, முட்டை அளவு, கண்ணுக்குக் கண் குட்டையான தடித்த முளை. நிழல் வெளிச்சத்தில் முளைக்க விட்ட நல்ல விதைக் கிழங்கு அப்படித்தான் இருக்கும். இருட்டில் கிடந்தது என்றால் முளை வெள்ளையாக, நூல் மாதிரி நீண்டிருக்கும். முழுக் காசையும் போடுகிறோம் என்றதற்கு அவனே மறித்தான்: "வேணாண்ணே, 70,000 மட்டும் போடுங்க. மிச்சத்த மூட்டைய பாத்துட்டு குடுங்க. நாங்களும் இதத்தான் நட்டிருக்கோம்." காசு வேண்டாம் என்று சொல்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

லொறி வந்தது நன்றாக இருட்டிய பிறகு. மேலே கிடந்த இரண்டு மூட்டையை அவனே அவிழ்த்துக் காட்டினான். வீடியோவில் பார்த்த அதே கிழங்கு. மீதி 200,000 ரூபாவையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பற்றுச்சீட்டைக் கேட்டதற்கு "நாளைக்கு வாட்ஸ்அப்ல போடுறேன்" என்றான். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மற்ற எட்டு மூட்டையில் இருந்தது கலவை. சிலதைக் கழுவிப் பார்த்தால் செம்மண் பூச்சுப் போல வழிந்து போகிறது, உள்ளே தோல் மழமழவென்று வேறு நிறம். வெளிநாட்டுக் கிழங்கில் மண்ணைத் தேய்த்து உள்ளூர்க் கிழங்கு என்று விற்பது சந்தைக்குப் பழைய வித்தை. இவன் அதையே விதையாக்கிவிட்டான். கறிக்கு வரும் கிழங்கில் முளை வராமலிருக்க மருந்து அடிப்பதும் உண்டு. அப்படியானது மண்ணுக்குள் கிடந்து அழுகும். பாத்தியில் மூன்றில் ஒரு பங்கு முளைக்கவே இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. முளைத்தது மண் அணைத்த பிறகு வாடத் தொடங்கியது. மத்தியானத்தில் ஒரு செடியில் ஒரு தண்டு மட்டும் தொங்கும், இலை பச்சையாகவே இருக்கும், பொழுது சாய நிமிர்ந்துவிடும். இரண்டொரு நாளில் நிமிராது. இதுதான் பக்டீரியா வாடல் நோய். விவசாயப் போதனாசிரியர் வந்து எங்கள் கண் முன்னாலேயே காட்டினார். தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் சுத்தமான தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் தொடும்படி பிடித்தார். அசைக்காமல் வைத்திருந்தால் சில நிமிடங்களில் பால் நூல் மாதிரி கீழே இறங்குகிறது. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம். அமுக்கினால் வெள்ளைச் சீழ்.

இதற்கு மருந்து கிடையாது. கடைக்காரர் எதைத் தந்தாலும் வாங்காதீர்கள், அதுவும் தண்டம். நல்ல குளிரான மேட்டில் விளைந்த கிழங்கில் நோய் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும். கொஞ்சம் சூடான இடத்தில் நட்டதும் கிளம்பும். அதனால் விதையைக் கண்ணால் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது. மண்ணிலும் தங்கிவிடும். தக்காளி, மிளகாய், கத்தரி எதையும் இனி அந்த வயலில் சில வருஷத்துக்கு வைக்க முடியாது. எல்லாம் அதற்கு இரை. கோவா, போஞ்சி, சோளம் என்று மாற்றிப் போட வேண்டும். தண்ணீரோடும் போகும். எங்கள் வாய்க்கால் இறங்குவது கீழ் வயலுக்கு. அந்த ஐயாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? 270,000 ரூபா விதைக்கு மட்டும். உரம், கூலி, குத்தகை இதில் சேரவில்லை.

இனி அவன் சொன்ன பதில்களைப் பாருங்கள். முதலில் "தண்ணி கூடிப்போச்சு". பிறகு "பசளை கூடிப்போச்சு". கிளாஸில் பால் இறங்கும் படத்தை அனுப்பினோம். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. வேறு நம்பரிலிருந்து எடுத்தால் "வாங்கும்போது பாத்துத்தானே எடுத்தீங்க" என்று வைத்துவிட்டான். இப்போது அந்த நம்பரும் வேலை செய்யவில்லை. செயலிக்காரர்களோ அதைவிட மேல். "நாங்கள் விளம்பரம் போட இடம் தருபவர்கள் மட்டுமே, விற்பவரைத் தொடர்புகொள்ளவும்" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். வற்புறுத்திய பிறகு விளம்பரத்தை அழித்தார்கள். எங்களிடமிருந்த ஒரே சாட்சியும் அதோடு போனது.

மூட்டையில் இருந்த சான்றிதழ் அட்டையைச் சொல்ல மறந்துவிட்டேன். சாக்கின் வாய்த் தையலோடு சேர்ந்திருக்கவில்லை. பிறகு யாரோ நூலால் கட்டியது. அதில் அடித்திருந்த போகமும் பழையது.

எழுதுகிறேன் என்ற ஆலோசனை. விரிவாக எழுதப் பொறுமை இல்லை, இவ்வளவுதான்:

இரவில் வரும் லொறியை இறக்கவே விடாதீர்கள். எல்லா மூட்டையையும் அவிழ்த்து, ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து நாலு கிழங்கு எடுத்துக் கழுவி, வெட்டி, அமுக்கிப் பாருங்கள். வெட்டும் கத்தியை ஒவ்வொரு தடவையும் குளோரின் கரைசலில் முக்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதம் கொடுக்காதீர்கள். விளம்பரத்தை முதல் நாளே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். சந்தேகம் என்றால் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், இல்லையென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அதிகார சபை, 1977.

அதே வீடியோ இப்போது வேறு பெயரில் ஓடுகிறது, கிலோ 520 ரூபா என்று. மரத் தட்டு, பின்னால் நீலத் தார்ப்பாய். பார்த்தால் எடுக்காதீர்கள்.